பாஸ்போர்ட்ல ஒத்தைப் பேரு, ஆதார்ல மூணு பேரு: லீவுல வந்து ரினீவ் பண்ணலாமா?

தாராவி 90 அடி ரோட்டு பக்கத்துலேர்ந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க, பேர் போட வேண்டாம்னு கேட்டதால போடலை. லெட்டர் நாலு பக்கம், நான் சுருக்கிச் சொல்றேன்.

"அண்ணாச்சி, என் வீட்டுக்காரர் ஏழு வருஷமா துபாய்ல ஏசி டெக்னீஷியனா இருக்காரு. பாஸ்போர்ட் 2016-ல ஊர்ல இருந்தப்ப மதுரை ஆபீஸ்ல எடுத்தது, இன்னும் ஏழு மாசத்துல முடியுது. அதுல அவரு பேரு மட்டும்தான் இருக்கு, சர்நேம் கட்டம் காலி. ஆனா இங்க பாம்பே ஆதார், பான், பேங்க் எல்லாத்துலயும் அவரு பேரு, மாமனார் பேரு, அப்புறம் ஜாதிப் பேருன்னு மூணா இருக்கு. அடுத்த மாசம் 25 நாள் லீவுல வரலாம்னு இருக்காரு, டிக்கெட் இன்னும் போடலை. இங்கயே தட்கல்ல போட்டு ஆதார்ல இருக்கற மாதிரி பேரையும் மாத்திடலாம்னு பக்கத்துக் கடைக்காரர் சொல்றாரு, ஒரு அஃபிடவிட் போதுமாம். செய்யலாமா? எனக்கும் 16 வயசுப் பையனுக்கும் பாஸ்போர்ட்டே கிடையாது, வர்ற மே மாசம் விசிட்ல போகணும்னு ஆசை. வீடு வாடகை, லைட் பில் சேட் பேர்ல இருக்கு. எங்க கல்யாணம் ஊர்ல நடந்தது, ரிஜிஸ்டர் பண்ணலை."

தங்கச்சி, மொதல்ல அந்தக் கடைக்காரர் சொன்னதை அப்படியே மறந்துடுங்க. உங்க வீட்டுக்காரர் துபாய்லயே ரினீவ் பண்ணட்டும், அதுவும் லீவுக்கு வர்றதுக்கு முன்னாடியே பண்ணட்டும். அந்த 25 நாள் லீவைப் பையன் பாஸ்போர்ட்டுக்கு வச்சுக்கங்க. சயான் ஸ்டேஷன் பக்கத்துல இதே ஃபார்ம் வேலையைப் பல வருஷமா பார்த்துட்டிருக்கேன், எங்கிட்ட வர்ற கேஸ்ல பாதி இதே மாதிரிதான், அதனால ஏன்னு கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன்.

நாம ரினீவல்னு சொல்றோம், ஆபீஸ்ல அதுக்கு ரீ-இஷ்யூன்னு பேரு. பழைய புக்குல தேதியை நீட்டித் தர்றது கிடையாது, புது நம்பரோட புது புக்குதான். தேதி முடியறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே அப்ளை பண்ணலாம், அதனால ஏழு மாசம் இருக்கறப்ப இப்பவே போட எந்தத் தடையும் இல்லை. இங்க இந்தியாவுல நீங்க ரீ-இஷ்யூவுக்குப் போனா என்ன நடக்கும்னா, பாஸ்போர்ட் சேவா கேந்திராவுல (அப்ளிகேஷன் வாங்கற ஆபீஸ்) ஏ, பி, சின்னு மூணு கவுன்டர் முடிச்சு வெளிய வர்றப்ப உங்க பழைய பாஸ்போர்ட்ல கேன்சல்டு சீல் விழுந்திருக்கும். அந்த நிமிஷத்துலேர்ந்து புதுசு கைக்கு வர்ற வரைக்கும் அவருகிட்ட ஃப்ளைட் ஏறக்கூடிய பாஸ்போர்ட்டே இல்லைன்னு அர்த்தம். இது பல பேருக்குத் தெரியாது, ஏதோ ஜெராக்ஸ் வாங்கிட்டு ஒரிஜினலை அப்படியே குடுத்துடுவாங்கன்னு நினைச்சுட்டு ரிட்டர்ன் டிக்கெட்டைப் போட்டு வச்சுட்டு வந்து நிப்பாங்க.

இப்ப அவரோட பழைய பாஸ்போர்ட்ல இருக்கறது திருநெல்வேலிப் பக்கத்து அட்ரஸ், நீங்க போடப் போறது தாராவி அட்ரஸ். 2018 ஜூன்லேர்ந்து இந்தியாவுல எந்த ஊர் ஆபீஸ்லயும் அப்ளை பண்ணலாம், மதுரைல எடுத்ததுக்கு மதுரைக்கே போகணும்னு இல்லை, அது வாஸ்தவம். ஆனா அட்ரஸ் மாறினா போலீஸ் வெரிஃபிகேஷன் வர சான்ஸ் ஜாஸ்தி. போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு ஆள் இருக்கணும், ஸ்டேஷன்லேர்ந்து என்னிக்குப் போன் வரும்னு யாரும் சொல்ல முடியாது, நடுவுல கணபதி வந்துச்சுன்னா எலெக்ஷன் வந்துச்சுன்னா பந்தோபஸ்துல போலீஸ்காரங்களுக்கே மூச்சு விட நேரமிருக்காது. 25 நாள்ல அவரு வந்து, கிடா வெட்டு, மச்சினி கல்யாணம்னு ஊருக்கு வேற ஒரு நடை போய்ட்டு வர்றதுக்குள்ள லீவே முடிஞ்சிடும். தட்கல்னா போலீஸ் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காம சீக்கிரம் அனுப்புவாங்கதான், 1500-க்கு மேல இன்னும் 2000 கட்டணும், ஆனா பேரைப் பெருசா மாத்துற கேஸை தட்கல்ல எடுக்கவே மாட்டாங்க. உங்க கடைக்காரர் சொன்ன ரெண்டு ஐடியாவும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்குது பாருங்க, தட்கலும் வேணும் பேரும் மாறணும்னா நடக்காது.

துபாய்ல பண்ணா, புதுசு வர்ற வரைக்கும் அவரு எங்கயும் பறக்க முடியாதுதான், ஆனா அவரு வேலையில இருக்காரு, சம்பளம் ஓடுது, ரூம்ல இருக்காரு, அவ்வளவுதான். துபாய், ஷார்ஜா அந்தப் பக்கமெல்லாம் துபாய் காண்சுலேட்டுக்குள்ள வரும், அபுதாபின்னா எம்பசி. ஃபார்மை ஆன்லைன்ல ஃபில் பண்ணி, காண்சுலேட் வச்சிருக்கற அவுட்சோர்சிங் சென்டர்ல நேர்ல குடுக்கணும். ஒரு வெள்ளிக்கிழமையோ சனிக்கிழமையோ அவரு ஆஃப் பார்த்து அப்பாயின்ட்மென்ட் எடுக்கட்டும். டிக்கெட் இன்னும் போடலைன்னு சொன்னீங்களே, ரொம்ப நல்லது, புது பாஸ்போர்ட் கைக்கு வந்தப்புறம் போடச் சொல்லுங்க, லீவு ரெண்டு வாரம் தள்ளிப் போனா போகட்டும். பழைய பாஸ்போர்ட்லயே வந்தா திரும்பிப் போறப்ப அஞ்சு மாசம் சொச்சம்தான் பாக்கி இருக்கும், ஏர்போர்ட் கவுன்டர்ல ஆறு மாசம் இருக்கான்னு பார்க்கற பொண்ணுகிட்ட நான் ரெசிடென்ட்டு எனக்கு அந்த ரூல் கிடையாதுன்னு ராத்திரி ரெண்டு மணிக்கு ஆர்க்யூ பண்ற வேலை நமக்கு எதுக்கு.

இன்னொண்ணு. யுஏஇ-ல 2022-லேர்ந்து ரெசிடென்ஸ் விசாவை பாஸ்போர்ட்ல ஸ்டிக்கரா ஒட்டுறதில்லை, எமிரேட்ஸ் ஐடிதான் ப்ரூஃப். அதனால ஜனங்க பாஸ்போர்ட் மாறினா விசாவுக்கு ஒண்ணும் இல்லைன்னு நினைச்சுக்கறாங்க. ஸ்டிக்கர் இல்லாட்டியும் சிஸ்டம்ல அவரோட ரெசிடென்ஸ் பழைய பாஸ்போர்ட் நம்பரோடதான் கட்டிப் போட்டிருக்கு. புதுசு வந்ததும் கம்பெனி பிஆர்ஓகிட்ட, அதாவது அங்க விசா பேப்பர் வேலை பார்க்கற ஆள்கிட்ட குடுத்து நம்பரை அப்டேட் பண்ணிட்டுத்தான் இந்தியாவுக்குக் கிளம்பணும், கிளம்புறப்ப பழையதையும் கூடவே வச்சுக்கணும். மூலை வெட்டின பாஸ்போர்ட்டுன்னு அதை பீரோல போட்டுட்டு வரக்கூடாது.

சரி, இப்ப பேருக்கு வருவோம், உண்மையான சிக்கல் அங்கதான் இருக்கு.

நம்ம ஊர்ல பேர்னா ஒரு பேரு, அதுக்கு முன்னாடி ஒரு இனிஷியல், கதை முடிஞ்சுது. பாஸ்போர்ட்ல இனிஷியல் வைக்க முடியாது, விரிச்சுத்தான் எழுதணும். கிவன் நேம்னு ஒரு கட்டம், சர்நேம்னு ஒரு கட்டம். ஊர்ல ஃபார்ம் போட்ட புண்ணியவான் சர்நேமா, அதெல்லாம் நமக்குக் கிடையாதுன்னு காலியா விட்டிருப்பாரு. அதே ஆள் பாம்பேக்கு வந்து பிள்ளையை ஸ்கூல்ல சேர்க்கப் போறப்ப கிளார்க் நிமிர்ந்து பார்க்காமலே "ஆட்நாவ் காய்?"னு, அதாவது சர்நேம் என்னன்னு கேப்பாரு. மராட்டிக்காரங்களுக்குப் பேரு, அப்பா பேரு, ஆட்நாவுன்னு மூணு கட்டம், மூணாவது காலியா இருந்தா அவங்க கை எழுதாது. நம்மாளு முழிப்பாரு, பின்னாடி வரிசையில நிக்கறவரு "ஜாதியைச் சொல்லுய்யா"ம்பாரு, சொல்லுவாரு, ஒட்டிக்கும். ஊர்ல பேருக்குப் பின்னாடி ஜாதி போடுறதை எப்பவோ விட்டாச்சு, தாராவிலயும் சயான் கோலிவாடாலயும் மாட்டுங்கா லேபர் கேம்ப்லயும் பாருங்க, ஸ்கூல் லீவிங் சர்டிபிகேட் முழுக்க அதுதான். ஊர்ல தொலைச்சதை இங்க வந்து முத்திரை குத்தி வாங்கிக்கிட்டோம்.

உங்க வீட்டுக்காரர் பேரு முருகன்னும் அவங்கப்பா பேரு சுடலைமுத்துன்னும் வச்சுக்குவோம். பாஸ்போர்ட்ல வெறும் முருகன். ஆதார்ல முருகன், சுடலைமுத்து, அதுக்கப்புறம் ஜாதி. கடைக்காரர் சொல்றாரு பாஸ்போர்ட்டை ஆதார் மாதிரி மாத்துன்னு. நான் சொல்றேன் தலைகீழா. பாஸ்போர்ட்டைத் தொடாதீங்க, ஆதாரை பாஸ்போர்ட் பக்கம் இழுங்க. காரணம் என்னன்னா அந்த ஒத்தைப் பேர்லதான் அவரோட எமிரேட்ஸ் ஐடி இருக்கு, லேபர் கான்ட்ராக்ட் இருக்கு, சம்பளம் விழுற பேங்க் இருக்கு, ஒருவேளை அங்க லைசன்ஸும் இருக்கும். பாஸ்போர்ட்ல பேர் மாறினா அத்தனையும் வரிசையா மாறணும், ஒண்ணு விட்டுப் போனாலும் சம்பளம் ஹோல்டு ஆகி நிக்கும். இங்க ஆதார் மாறினா பானும் பேங்கும்தான், அது சாவகாசமா நடக்கும். போதாததுக்கு ஒரு முழு ஜாதிப் பேரைப் புதுசா உள்ள சேர்க்கறதுன்னா வெறும் அஃபிடவிட்ல முடியாது, கெஜட் போடு, பேப்பர்ல விளம்பரம் குடுன்னு கேக்க ஆரம்பிப்பாங்க.

ஆதார்ல பேரை ஆயுசுக்கு ரெண்டு தடவைதான் மாத்த விடுவாங்க. அதனால எடுத்தேன் கவுத்தேன்னு செய்யாம, புது பாஸ்போர்ட் கையில வந்தப்புறம் அதையே ப்ரூஃபா வச்சு லீவுல வர்றப்ப ஆதார் சென்டருக்கு நேர்ல போய் ஒரே தடவையில முடிக்கணும்.

ஒத்தைப் பேரு பாஸ்போர்ட்டுக்கு யுஏஇ-ல பிரச்னைன்னு சொல்றாங்களேன்னு நீங்க கேப்பீங்க. 2022 நவம்பர்ல அப்படி ஒரு உத்தரவு வந்தது உண்மைதான், டூரிஸ்ட், விசிட் விசாவுல வர்றவங்க பாஸ்போர்ட்ல ஒரே பேரு இருந்தா ஏத்தாதீங்கன்னு ஏர்லைன்ஸ்களுக்குச் சொல்லிட்டாங்க, அப்புறம் கடைசிப் பக்கத்துல அப்பா பேரோ குடும்பப் பேரோ இருந்தா ஒத்துக்கறோம்னு கொஞ்சம் இறங்கி வந்தாங்க. வேலை விசா, ரெசிடென்ட் விசா உள்ளவங்களுக்கு அந்தத் தடை கிடையாது. உங்க வீட்டுக்காரர் ரெசிடென்ட்டு, அவருக்கு இப்ப இடைஞ்சல் இல்லை. ஆனா நாளைக்கு இந்த வேலை போய், விசிட்ல போய் வேற வேலை தேடணும்னு வந்தா அப்ப உறுத்தும். அதனால ஒரு வேலை பண்ணுங்க, ரினீவலுக்கு முன்னாடி அவரு கம்பெனி பிஆர்ஓகிட்ட கேக்கட்டும், சார் இந்தத் தடவை எங்கப்பா பேரை சர்நேமாச் சேர்த்துக்கவா, மத்த பேப்பரெல்லாம் மாத்தித் தருவீங்களான்னு. அப்பா பேரு ஏற்கனவே பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்துலயே இருக்கறதால அதைச் சேர்க்கறதும் ஜாதிப் பேரைப் புதுசா நுழைக்கறதும் ஒண்ணில்லை. பிஆர்ஓ சரின்னா சேருங்க. அவரு தலையைச் சொறிஞ்சா விட்டுடுங்க, பேரு அப்படியே இருக்கட்டும், இன்னொரு நாள் பார்த்துக்கலாம்.

சேர்க்கறதா இருந்தா எந்தக் கட்டத்துல எதுன்னு நூறு தடவை பார்க்கச் சொல்லுங்க. இது நான் பட்ட பாடு, பட்டதுன்னு சொல்றதை விட ஒரு பையனைப் படுத்தினதுன்னு சொல்லலாம். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதுசு. ஊர்ல இனிஷியல் முன்னாடிதானே வரும், அதே வரிசையில அப்பா பேரை கிவன் நேம்லயும் பையன் பேரை சர்நேம்லயும் போட்டு விட்டுட்டேன், அவனும் கையெழுத்துப் போட்டுட்டான், பாஸ்போர்ட்டும் வந்துடுச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு லீவுல வந்தவன் நேரா என் கடைக்கு வந்து அவனோட கம்பெனி ஐடி கார்டைக் கவுன்டர்ல வச்சான். கொட்டை எழுத்துல அவங்கப்பா பேரு. "அண்ணாச்சி, அங்க நான் வேலையே பார்க்கலை, எங்கப்பாதான் பார்க்கறாரு, சூப்பர்வைசர்லேர்ந்து கிளீனர் வரைக்கும் அவரைத்தான் திட்டுறாங்க"ன்னான். சிரிச்சுட்டேதான் சொன்னான், எனக்குத்தான் அன்னிக்கு டீ இறங்கலை. அதுலேர்ந்து ஃபார்ம்ல பேர்க் கட்டம் வந்தா ஆளை எழுப்பி நிறுத்தி, உன்னை எல்லாரும் எப்படிக் கூப்பிடணும்னு கேட்டுட்டுத்தான் டைப் பண்றேன்.

ரினீவல் ஃபார்ம்ல அவரு இன்னும் ரெண்டு வேலை சேர்த்து முடிக்கணும். ஒண்ணு, கணவன் மனைவி பேர் கட்டத்துல உங்க பேரு. 2016-ல எடுத்ததுல இல்லைன்னா இப்ப ஏத்தணும், ஏன்னு கீழ சொல்றேன். மேரேஜ் சர்டிபிகேட் இல்லையேன்னு பயப்படாதீங்க, ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த போட்டோவை ஒட்டி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுற அனெக்சர் ஜேன்னு ஒரு டிக்ளரேஷன் இருக்கு, சர்டிபிகேட்டுக்குப் பதிலா அதை வைக்கலாம். நீங்க இங்கயும் அவரு அங்கயும் இருக்கறதால உங்க கையெழுத்து போட்ட ஒரிஜினலை யாராவது ஊர்லேர்ந்து போறவங்க கையில குடுத்தனுப்புங்க, ஸ்கேனை நம்பி உக்காராதீங்க.

ரெண்டாவது, ஈசிஆர், அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போக கவர்ன்மென்ட் க்ளியரன்ஸ் வேணும்னு பாஸ்போர்ட்ல இருக்கற குறிப்பு. அவரு பத்தாவது பாஸ் இல்லைன்னு நினைக்கறேன், லெட்டர்ல எழுதலை, ஆனா 2016 பாஸ்போர்ட்ல ஈசிஆர்னு இருந்தா அதை எடுக்க இதுதான் நேரம். பத்தாவது சர்டிபிகேட் இருந்தாத்தான் எடுப்பாங்கன்னு எல்லாரும் நம்பிட்டிருக்காங்க. மூணு வருஷத்துக்கு மேல வெளிநாட்டுல இருந்தவங்களுக்கும், அது ஒரே மூச்சா இருந்தாலும் சரி விட்டு விட்டு இருந்தாலும் சரி, ஈசிஆர் தேவையில்லை, அவங்க வீட்டுக்காரம்மாவுக்கும் தேவையில்லை. அவரு ஏழு வருஷம் இருந்துட்டாரு. ஃபார்ம்ல நான்-ஈசிஆர் தகுதி இருக்கான்னு கேக்கற இடத்துல ஆமான்னு போட்டு, அதுக்கு ஆதாரமா விசா, என்ட்ரி ஸ்டாம்ப் இருக்கற பக்கங்களோட ஜெராக்ஸ் வைக்கட்டும். ஈசிஆர் இருந்தா நாளைக்கு வேற கம்பெனியில வேலை கிடைச்சு சவுதிக்கோ கத்தாருக்கோ மலேசியாவுக்கோ போறப்ப இ-மைக்ரேட்னு கவர்ன்மென்ட் சைட்ல க்ளியரன்ஸ் வாங்க ஏஜென்ட் பின்னாடி அலையணும். நான்-ஈசிஆர்னு தனியா சீல் எதுவும் குத்த மாட்டாங்க, ஒண்ணும் இல்லாம இருந்தாலே நான்-ஈசிஆர்தான், சீல் இல்லையேன்னு அவரு சென்டர்ல போய் சண்டை போட வேண்டாம்.

இனிமே இங்க உங்க வேலை.

பையனுக்கு 16. மைனர் பாஸ்போர்ட் அஞ்சு வருஷம் அல்லது 18 வயசு, எது முன்னாடி வருதோ அதுவரைக்கும், உங்க பையனுக்கு ரெண்டு வருஷம்தான் வரும். 15-லேர்ந்து 18-க்குள்ள இருக்கறவங்க பத்து வருஷத்துக்கும் கேக்கலாம், அதுக்கு பெரியவங்க ஃபீஸ் 1500, ரெண்டு வருஷத்துக்குன்னா 1000. ஐநூறு ரூபாயைப் பார்க்காம பத்து வருஷத்துக்கே போட்டுடுங்க. அவனுக்கு அனெக்சர் டின்னு அப்பா அம்மா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுற பேப்பர் வேணும். அப்பா வெளிநாட்டுல இருந்தா அதை அங்க காண்சுலேட்ல அட்டெஸ்ட் பண்ணி அனுப்பணும், அது ஒரு தனி அலைச்சல், இங்க லீவுல இருக்கறப்ப ரெண்டு பேரும் கூடப் போனா அங்கயே கையெழுத்துப் போட்டு முடிஞ்சுது. பெத்தவங்களோட பாஸ்போர்ட் செல்லுபடியாகறதா இருந்து அதுல துணையோட பேரும் ஏறியிருந்தா மைனருக்குப் பொதுவா போலீஸ் வெரிஃபிகேஷன் இல்லாமலே குடுத்துடுவாங்க. அதுக்குத்தான் அவரோட ரினீவல்ல உங்க பேரை ஏத்தச் சொன்னேன்.

பையன் பேரை என்ன பண்றதுன்னா, ஒண்ணும் பண்ணாதீங்க. ஒண்ணாம் கிளாஸ்லேர்ந்து எஸ்எஸ்சி மார்க்ஷீட் வரைக்கும் எந்தப் பேர் இருக்கோ அந்தப் பேரே பாஸ்போர்ட்லயும் இருக்கட்டும், ஜாதிப் பேர் பின்னாடி வர்றது எனக்கும் பிடிக்கலைதான், ஆனா அவன் இனி ஜூனியர் காலேஜ், டிகிரி, வேலைன்னு எல்லாத்துக்கும் அந்த மார்க்ஷீட்டைத்தான் தூக்கிட்டுப் போகணும். வேண்டாம்னா 18 முடிஞ்சப்புறம் அவனே முடிவு பண்ணி கெஜட்ல போட்டுக்கட்டும், மகாராஷ்டிராவுல அதை ஆன்லைன்லயே அப்ளை பண்ணலாம். ஃபார்ம்ல அப்பா பேருன்னு கேக்கற கட்டம் மட்டும் அவரோட புது பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ எழுத்துக்கு எழுத்து அப்படியே வரணும். மாநகராட்சி பர்த் சர்டிபிகேட்ல அப்பா பேர் மூணு வார்த்தையா இருக்கும், அதனால ரெண்டும் ஒரே ஆள்தான்னு ஒரு நோட்டரி அஃபிடவிட் எடுத்துக் கையில வச்சுக்கங்க. உங்க கடைக்காரர் சொன்ன அஃபிடவிட் உபயோகப்படுற இடம் இதுதான்.

பி கவுன்டர்ல என்ன நடக்கும்னு பையனுக்கு முன்னாடியே சொல்லி வைங்க. ஏ கவுன்டர்ல இருக்கறவங்க பிரைவேட் கம்பெனி ஸ்டாஃப், பேப்பரை ஸ்கேன் பண்ணி போட்டோ, கைரேகை எடுப்பாங்க. பி கவுன்டர்ல உக்காந்திருக்கறது கவர்ன்மென்ட் ஆளு. போன மாசம் ஒரு பையனோட லோயர் பரேல் போயிருந்தேன், நான் வெளியதான் நின்னேன், உள்ள நடந்ததை அவங்கம்மா சொன்னாங்க. ஆபீசர் ஒண்ணும் பேசாம பேப்பரைப் புரட்டிட்டே இருந்துட்டு திடீர்னு பையன்கிட்ட "பாப்பா கா நாம்?"னு, அப்பா பேரு என்னன்னு கேட்டிருக்காரு. பையன் ஸ்கூல் பழக்கத்துல மூணு வார்த்தையில சொல்லியிருக்கான். ஆபீசர் அப்பா பாஸ்போர்ட்டைத் திருப்பிப் பார்த்துட்டு, இதுல ஒண்ணுதானே இருக்குன்னாராம். அம்மா அஃபிடவிட்டை நீட்டினாங்க, படிச்சாரு, ஸ்கேன் பண்ணிக்கிட்டாரு, சி கவுன்டருக்கு அனுப்பிட்டாரு, மொத்தம் ரெண்டு நிமிஷம். அந்தப் பேப்பர் இல்லைன்னா அதுக்காக இன்னொரு நாள் போயிருக்கணும். சுடலைமுத்து ஒரே வார்த்தையா ரெண்டு வார்த்தையா, நடுவுல இடம் இருக்கா, முத்துல ஹெச் இருக்கா இல்லையா, இதெல்லாம் நமக்கு விளையாட்டு, அவங்களுக்கு வேற ஆளு.

உங்களுக்கு இது புது பாஸ்போர்ட், அதனால போலீஸ் வெரிஃபிகேஷன் வரும், வந்தா என்ன, நீங்க இங்கதானே இருக்கீங்க. உங்களோடதை அவரு லீவுக்கு வர்ற வரைக்கும் தள்ளிப் போடாதீங்க, இப்பவே போடுங்க. விசிட் விசாவுல போறதால உங்க பாஸ்போர்ட்ல கண்டிப்பா ரெண்டு கட்டமும் நிரம்பியிருக்கணும், மேல சொன்ன ஒத்தைப் பேரு ரூல் உங்களுக்குத்தான் பொருந்தும். ஆதார்ல எப்படி இருக்கோ அப்படியே போட்டுடுங்க, உங்களுக்கு மாத்தறதுக்கு எந்தக் காரணமும் இல்லை.

அட்ரஸ் ப்ரூஃபுக்கு லைட் பில் சேட் பேர்ல இருந்தா அதை விட்டுடுங்க. ஆதார் அட்ரஸ் இப்ப குடியிருக்கற கோலியோடதான்னா (ரூமோடதான்னா) அதுவே போதும். கூட ஒண்ணு பலமா வேணும்னா ரிஜிஸ்டர் பண்ணின லீவ் அண்ட் லைசன்ஸ் அக்ரிமெண்ட், அதாவது வாடகை ஒப்பந்தம் வைங்க, ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதிக் கையெழுத்து மட்டும் போட்டது ஆகாது. போட்டோ ஒட்டின பேங்க் பாஸ்புக் செல்லும், ஆனா கவர்ன்மென்ட் பேங்க், பிரைவேட் பேங்க், கிராமிய வங்கி இதுங்களோடதுதான், பத்பேடி (கூட்டுறவு கடன் சங்கம்) பாஸ்புக்கை எடுத்துட்டுப் போய் நிக்காதீங்க. நம்ம ஏரியாவுல பாதிப் பேருக்கு இருக்கறதே அதுதான்.

தாராவிலேர்ந்து உங்களுக்கு லோயர் பரேல்தான் பக்கம், மாஹிம்ல ஏறினா வந்துடும். அங்க தேதி தள்ளிக் கிடைச்சா அந்தேரி, மலாட், தானேன்னு பாருங்க. முன்னாடி வொர்லி ஆபீஸ் வாசல்ல விடியக்காலம் போய் செருப்பைப் போட்டு எடம் பிடிச்ச காலம் எனக்கு ஞாபகம் இருக்கு, இப்ப ஆபீஸே பிகேசில விதேஷ் பவனுக்குப் போயிடுச்சு, அங்க நீங்க போகற மாதிரி வரவே கூடாது, வந்தா ஏதோ ஃபைல் மாட்டியிருக்குன்னு அர்த்தம். டிரெஸ் மட்டும் வெள்ளை வேண்டாம், போட்டோ பின்னாடி வெள்ளை, சட்டையும் வெள்ளைன்னா கழுத்து மட்டும் மிதக்கற மாதிரி வரும், பத்து வருஷத்துக்கு அந்த மூஞ்சிதான்.

சைட் விஷயத்துல ஜாக்கிரதை. கடைசியில கவ் டாட் இன்னு முடியறதுலதான் போகணும், கூகுள்ல மேல விளம்பரமா வர்றதுல போய் பணம் கட்டிட்டு எங்கிட்ட வந்து அழுதவங்க இருக்காங்க. ஸ்பீட் போஸ்ட் அனுப்பியாச்சு அட்ரஸ் தப்பு அஞ்சு ரூபா கட்டுன்னு மெசேஜ் வந்தாலும் தொடாதீங்க. நிஜமான போஸ்ட்மேன் உங்க பேரைக் கேட்டு, ஐடி பார்த்து, உங்க கையிலதான் குடுப்பாரு, பக்கத்துக் கோலி அக்காகிட்ட குடுத்துட்டுப் போக மாட்டாரு. உங்க சந்துல வீட்டு நம்பர் சரியா இல்லாததால அட்ரஸ்ல பக்கத்துல இருக்கற கோயிலோ சர்ச்சோ அதையும் ஃபார்ம்லயே சேர்த்து எழுதுங்க, கண்டுபிடிக்க முடியலைன்னா கவர் திரும்ப ஆபீசுக்கே போயிடும்.

வர்றது சிப் வச்ச இ-பாஸ்போர்ட்டா இருக்கலாம், அட்டையில கீழ தங்கக் கலர்ல சின்னதா ஒரு சின்னம் இருக்கும், அதுல நீங்க தனியா எதுவும் செய்ய வேண்டியதில்லை, மடக்காம வச்சுக்கங்க.

இன்னிக்கு ராத்திரி அவரு போன் பண்றப்ப ரெண்டே ரெண்டு கேளுங்க. பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்துல அப்பா பேரு எப்படி ஸ்பெல்லிங், உங்க பேர் இருக்கா இல்லையா. வாட்சப்ல போட்டோ அனுப்பச் சொல்லாதீங்க, வாயால ஒவ்வொரு எழுத்தாச் சொல்லச் சொல்லி ஒரு நோட்டுல எழுதிக்கங்க. ஞாயித்துக்கிழமை தவிர எப்ப வேணா அந்த நோட்டோட கடைக்கு வாங்க, உங்க ஃபார்மை ஏத்திடலாம்.